ஏழாம் குப்பி

பன்னிரண்டு பூஞ்சைகளில் பதினொன்று ஒழுங்காக வரிசையில் நின்றன. ஏழாம் எண் மட்டும் அடம் பிடித்தது.

அமுதவல்லி திரையில் அட்டவணையை இன்னொரு தடவை பார்த்தாள். நாளை மறுநாள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். தொப்பூர்ப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்தில் அவளுடைய ஐந்து வருடம் இந்த ஓர் அட்டவணைக்கே போயிருந்தது.

மரபணுவில் எல்லாமே மூன்றெழுத்துச் சொற்கள். ஒரே பொருளுக்கு ஆறு சொற்கள்கூட இருக்கும். பாப்பாரப்பட்டி வீட்டிலிருந்து ஆய்வகத்துக்கு வர நாலு வழி இருந்தாலும் அவள் ஸ்கூட்டி ஒரே வழியில்தான் வரும். பூஞ்சைகளும் அப்படித்தான், எந்தச் சொல்லை எடுப்பது என்பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பழக்கம். அதை எண்ணுவது அவள் வேலை.

எல்லாம் பச்சிளங்குழந்தைகள் வார்டிலிருந்து வந்தவை. குறைமாதக் குழந்தைகளின் ரத்தத்தில் வளர்ந்தவை. இன்னும் பெயர் வைக்காத குழந்தைகள் என்பதால், வார்டில் தாயின் பெயரைத்தான் எழுதி அனுப்புவார்கள். அந்தப் பெயரும் தெரியக்கூடாது என்பது ஆய்வு விதி. ஒவ்வொரு குப்பியிலும் பெயரை மறைத்து எண் ஒட்டியவள் அமுதவல்லிதான்.

வழிகாட்டி மாதவராஜ் எட்டிப் பார்த்தார்.

"ஏழு வேற இனம்ங்க. ஒத்த சாம்பிள வச்சுக்கிட்டு பழக்கம்னு எப்பிடி எழுதறது? எடுத்துடுங்க. ஃப்ரீசர்லயும் எடமில்ல, குப்பிய இன்னிக்கே ஆட்டோகிளேவ்ல போட்டுடுங்க."

அவர் சொன்னது சரி. வேறொருவரின் ஆய்வாக இருந்தால் அவளே அதைச் சொல்லியிருப்பாள்.

ஏழாம் வரிசையை அழித்தாள். ஆறுக்கு அடுத்து எட்டு நின்றது. எண்களை மாற்றி எழுதவில்லை.

ஆட்டோகிளேவ் பெரிய குக்கர் மாதிரி. உள்ளே போன எந்தக் கிருமியும் உயிரோடு வெளியே வராது. மூடியைத் திறந்து வைத்துவிட்டு, ஃப்ரீசரிலிருந்து குப்பியை எடுத்தாள்.

இரண்டு வருடமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைப் புதுத் தட்டில் வளர்த்து, மறுபடி உறைய வைக்கிறாள். மற்ற பதினொன்றையும்விட இது நன்றாக வளரும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. ஓர் உயிரைத் தின்றதைப் பற்றிப் பெருமையா என்று வெட்கமாகவும் இருக்கும்.

குப்பி கையில் வியர்த்தது. எண் ஒட்டிய ஸ்டிக்கர் ஈரத்தில் நழுவியது.

உள்ளே எதையும் வைக்காமல் ஆட்டோகிளேவின் மூடியை மூடினாள்.

மாதவராஜ் அறையிலிருந்தே கேட்டார், போட்டாயிற்றா என்று.

"போட்டுட்டேங்க சார்."

குப்பியை ஃப்ரீசரின் அடித்தட்டில், பழைய பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தாள். நழுவிய ஸ்டிக்கருக்குக் கீழே வார்டு நர்ஸின் நீல மை அப்படியே இருந்தது.

அமுதவல்லியின் பெண் குழந்தை. ஒன்பது நாள்.