எழுந்து போகாத ரசிகர்கள்

வேடனின் கூண்டில் வளர்ந்த குண்டுக்கரிச்சானுக்குத் தன் குரல்மேல் அலாதி நம்பிக்கை. விடியற்காலையில் வேடன் கூண்டைக் காட்டு மரத்தில் மாட்டுவான், சுற்றியுள்ள கிளைகளில் கண்ணி வைப்பான், பிறகுதான் கூண்டை மூடிய துணியை விலக்குவான். உடனே இது பாடும். தினமும் நாலைந்து கரிச்சான்களாவது வந்து உட்காரும். உட்கார்ந்த ஒன்றுகூட எழுந்து போனதில்லை.

"கட்டிப்போட்ட மாதிரியல்லவா கேட்கிறார்கள்!" என்று அது பூரித்துப்போகும்.

ஒருநாள் வனக்காவலர்கள் வந்து வேடனைப் பிடித்தார்கள்; கண்ணிகளை அறுத்தெறிந்து கூண்டையும் திறந்துவிட்டார்கள்.

"இனி காடு முழுக்க என் மேடைதான்" என்று கரிச்சான் உச்சிக்கிளைக்குப் போய்ப் பாடித் தீர்த்தது. ஒரு கரிச்சானும் வரவில்லை. கீழ்க்கிளையில் நாவற்பழம் கொறித்துக்கொண்டிருந்த அணில் மட்டும் நிமிர்ந்து பார்த்தது.

"ஏம்ப்பா அணிலு, என் ரசிகர்களெல்லாம் எங்கே?"

"நீ கூப்பிட்டாய், வந்தார்கள். வந்தவர்களில் ஒருவராவது திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறாயா?"

"எப்படிப் போவார்கள்? என் பாட்டைக் கேட்டபிறகு யாருக்கு எழுந்துபோக மனசு வரும்!"

அணில் பழத்தைக் கீழே போட்டுவிட்டது. கரிச்சான், வருகிறவர்கள் உட்கார இடம்விட்டுக் கிளையின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டு, அடுத்த பாட்டை ஆரம்பித்தது.