சோப்பு வழக்கு

"ஒரு சோப்புக்காகக் கோர்ட்டுக்குப் போறதா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! ஆபீஸே சிரிக்கும்," என்றான் கணவன்.

"சிரிக்கட்டும். அலமாரியில ஒரு விலை, பில்லுல ஒரு விலை. கேக்க வர்றவங்ககிட்ட பில் போடற பொண்ணுங்கதான் திட்டு வாங்குதுங்க. நீங்க முதலாளி மேலேயே கேஸ் போடுங்க," என்றாள் மனைவி.

போட்டான். கோர்ட் நோட்டீஸ் கடைக்குப் போன மறுநாளே மனைவியின் போன் அடித்தது.

"ஆமா சார், நானும் நோட்டீஸைப் பார்த்தேன்... விலைச்சீட்டு மாத்த ஆள் வேணும்னு கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்... ரெண்டு பேரை எடுத்துக்கலாமா? நாளைக்கே வரச் சொல்றேன் சார்!"

கணவன் மெல்லக் கேட்டான்: "அப்போ கேஸை வாபஸ் வாங்கிடவா?"

"முதல்ல அவங்க வேலையில சேரட்டும்," என்றாள் அந்தக் கடையின் மானேஜர்.