நாக்கில் வைத்த தண்ணீர்

"மறுபடியும் தண்ணியா!"

படித்துறையின் மேல்படியில், புகையிலையை அதக்கியபடி அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு படி கீழே, பசை டப்பாவைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு படகு மேஸ்திரி. வீட்டின் பின்கதவு நிலையில், மடியில் குழந்தையோடு தம்பியின் மனைவி. தம்பி மட்டும் உட்காரவில்லை. கரையில் கட்டியிருந்த சின்னப் பாய்மரப் படகுக்குள் கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்தான்.

"நேத்து மாதிரியேதான்ணே," என்றான்.

"நேத்து கரையில ஏத்தி வெச்சு, பலகை இடுக்கு ஒண்ணு விடாம பஞ்சு அடைச்சேன்," மேஸ்திரி கையை விரித்தார். "முந்தாநாள் சுக்கான் ஆணி. அதுக்கு முன்னாடி பாய்மரத்தோட அடி. இன்னும் எதைத்தான் அடைக்கிறது, என் வாயைத் தவிர?"

"சாக்பீஸ் பொடி தூவுனீரே, என்ன ஆச்சு?"

"ஒழுகுற இடத்துல கோடு விழும்னுதான் தூவுனேன். இங்க கோடும் இல்ல, புள்ளியும் இல்ல. மொத்தமா கரைஞ்சு பாலாட்டம் கிடக்கு."

அண்ணன் அலுப்போடு கண்ணை மூடித் திறந்தார். "இன்னொரு தடவை நாக்குல வெச்சுப் பார்றா."

"அதென்ன மாமா, நாக்குல வெக்கிறது?" என்றாள் தம்பியின் மனைவி. கடலே இல்லாத ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள்.

"உப்புக் கரிச்சா கடல் தண்ணிம்மா, அடியில ஓட்டைன்னு அர்த்தம். கரிக்கலேன்னா மேலேருந்து வந்த தண்ணி. நானே பாப்பேன், புகையிலை போட்டுப் போட்டு என் நாக்குக்கு உப்பும் தெரியல, உறைப்பும் தெரியல. நீ குழம்பே வெக்காம வெந்நீரை ஊத்தினாலும் சாப்பிட்டு எந்திரிச்சிருவேன்."

அவள் சிரிக்கவில்லை. குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

தம்பி குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தான். முகத்தைச் சுளித்துத் துப்பினான்.

"உப்புதான்ணே. நேத்தைவிடக் கரிக்குது."

அவள் சட்டென்று நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் மூக்கைத் துடைத்தாள்.

அண்ணன் தீவிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது. அங்கே அவருக்குச் சுற்றுலா வருகிறவர்களைப் படகில் ஏற்றி இறக்கும் வேலை. தம்பிக்கும் அங்கே ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார்; புதிதாகச் சேருகிறவன் சொந்தப் படகோடுதான் வர வேண்டும். போனால் இரண்டு வருஷம் ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது. ஒழுகல் நின்றதும் அண்ணனும் தம்பியும் பாய் விரித்துப் புறப்படுவதாக ஏற்பாடு. தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவரும் அண்ணன்தான், இந்தப் படகை வாங்கிக் கொடுத்தவரும் அண்ணன்தான். அவர் முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்று சொல்லத் தம்பிக்கு வாய் வந்ததில்லை. அவளும் 'போகாதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழந்தை இப்போதுதான் அப்பாவைக் கண்டால் கை நீட்டத் தொடங்கியிருந்தது.

"உப்புன்னா எனக்கு நம்பிக்கை வரலியே," மேஸ்திரி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இருங்க தம்பி, நானும் ஒரு சொட்டு..."

அவர் படியிறங்குவதற்குள் தம்பி விறுவிறுவென்று இறைத்து, கடைசிக் குவளையையும் கடலில் வீசிவிட்டான்.

"அட, எனக்கு ஒரு வாய் வெச்சிருக்கக் கூடாதா?"

"டீயா மேஸ்திரி, உங்களுக்கு ஒரு வாய் வெக்க?"

அண்ணன் புகையிலையைத் துப்பினார்.

"போதும்டா. மூணு ஆம்பளைங்க சேர்ந்து ஒரு படகுகிட்ட தோத்துட்டோம். இதை நம்பி உன்னை நடுக்கடல்ல இறக்கிட்டு, இந்தப் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது? காகிதமும் கவரும் கொண்டாம்மா."

முழங்காலில் பலகையை வைத்து, தீவு முதலாளிக்கு எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். 'தம்பி வருவதற்கில்லை. படகு உதவாது. அவனுக்கு வைத்திருந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடவும். நான் மட்டும் அடுத்த வாரம் கப்பலேறி வந்து சேர்கிறேன்.'

கவரை நக்கிப் பார்த்தார். கோந்து பழசாகிப் போய் ஒட்டவில்லை.

மேஸ்திரி பசை டப்பாவை நீட்டினார். "இதைத் தடவுங்க. படகுலதான் நிக்கல, கவர்லயாவது நிக்குதான்னு பாப்போம்."

பசை நின்றது. நன்றாகவே நின்றது.

"போற வழியில தபால்பெட்டியில போட்டுடறேன்," மேஸ்திரி கவரைச் சட்டைப்பையில் செருகினார். "ஆனா கடுதாசி போனா என் மானமும் கூடவே போகணுமா? விடிஞ்சதும் வரேன். நாளைக்கு அந்தத் தண்ணிய நானே வாயில ஊத்திப் பாத்துடறேன்."

அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியது. அண்ணன் உள்ளே போய்ப் பாயில் சாய்ந்தார். தம்பி படியேறி வந்து, மனைவியிடமிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"இன்னிக்காவது குழாய்த் தண்ணிய விட்டுட்டுக் கடல் தண்ணியவே மொண்டு ஊத்து," என்றான், குரலைத் தாழ்த்தி. "நல்ல தண்ணிய நாக்குல வெச்சுக்கிட்டு, உப்பு உப்புன்னு நான் எத்தனை நாள்தான் துப்பறது?"