மேல்வீட்டு லைசென்ஸ்

கதவைத் திறந்ததும் அடையாள அட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். டிவி லைசென்ஸ்காரர். இந்த நாட்டில் வீட்டில் டிவி பார்க்கவே பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும்; வாங்காதவர்களைப் பிடிக்க வருகிறவர். போன மாதம் வந்த அதே வழுக்கைத் தலை, அதே நனைந்த மழைக்கோட்டு.

"மேடம், உங்க வீட்டுல டிவி ஓடுது, லைசென்ஸ் இல்ல. இன்னிக்கு நான் எழுதிட்டுப் போனா அடுத்தது கேஸ்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லைசென்ஸ் இல்லையாம். வாரா வாரம், சம்பளம் வந்த கையோடு, முக்குக் கடையில் லைசென்ஸ் கணக்கு அட்டையைக் கொடுத்துத் தவணைப் பணம் கட்டுகிறவள் நான். நான் வேலை பார்ப்பது ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில். கேஸ் என்று என் பேர் அடிபட்டால் போதும், மறுநாளே என் இடத்தில் வேறொருத்தி ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்பாள்.

கோளாறு எங்கே என்று எனக்கு நன்றாகத் தெரியும். கிளாஸ்கோவில் எங்கள் மாதிரிக் கட்டடங்களில் மாடி எண்ணை முதலில் போட்டு, கதவு எண்ணைப் பிறகு போடுவோம். என் வீடு 1/2. முதல் மாடி, இரண்டாவது கதவு. பணம் வாங்கும் அலுவலகமோ எங்கோ தெற்கே, இங்கிலாந்தில். அங்கே எந்தப் புண்ணியவானோ அதைத் திருப்பிப் போட்டு 2/1 என்று ஏற்றிவிட்டான்.

2/1 என்றால் இரண்டாம் மாடி, முதல் கதவு. டெவ்லினுடைய வீடு.

ஆக, பணம் கட்டுகிறவள் நான், லைசென்ஸ் டெவ்லின் வீட்டுக்கு.

எத்தனை தடவை போன் போட்டேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டு, பிறகு ஒரு புதுக் குரல், "சரி பண்ணிட்டோம் மேடம்." எல்லாம் கிணற்றில் போட்ட கல்தான்.

மாடி ஏறிப்போய் டெவ்லினிடமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? அந்த ஆள் ரிட்டயரான பஸ் டிரைவர், தனிக்கட்டை, வாயைத் திறந்தால் வசவு. படிக்கட்டு கழுவுகிற முறை யாருடையது என்று ஒரு நாள் வாளியும் கையுமாகச் சண்டை போட்டோம். அன்றோடு பேச்சு நின்றது. அவர் வீட்டு டிவி மட்டும் படிக்கட்டு முழுக்கக் கேட்கும். நோகாமல் நோன்பு கும்பிடுகிறார் மனுஷன் என்று வேலைக்குப் போகும்போதெல்லாம் வயிறெரிந்துகொண்டே இறங்குவேன்.

இன்றைக்கு விடுவதாக இல்லை. பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்த ரசீதுகளை அள்ளிக்கொண்டு வந்து லைசென்ஸ்காரர் கையில் திணித்தேன்.

"படிங்க. ஒண்ணு விடாமப் படிங்க. படிச்சிட்டு நான் திருடியான்னு சொல்லுங்க."

வாசலிலேயே நின்று படித்தார். கையிலிருந்த கருவியில் எதையோ தட்டினார். அலுவலகத்துக்குப் போன் செய்தார். அவருக்கும் அதே பாட்டைத்தான் போட்டார்கள். அதைக் கேட்டு எனக்கு அற்ப சந்தோஷம்.

"மேடம், மன்னிச்சுக்கங்க. தப்பு எங்க பக்கம்தான். உங்க கணக்கை உங்க வீட்டுக்கே மாத்தியாச்சு. கேஸும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார், பாவம்.

பிறகு கருவியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"அப்போ இப்ப மேல்வீட்டுக்குத்தான் லைசென்ஸ் இல்ல. அவரு கட்டினது ஏப்ரல்லயே முடிஞ்சிருக்கு."

"அப்படிப் போடுங்க! போங்க, போய் நல்லா ஓங்கித் தட்டுங்க. காது கேக்காத மாதிரி நடிப்பாரு, விட்டுடாதீங்க."

அவர் ஏறினார். நான் கையைக் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றேன். எத்தனை மாத வயிற்றெரிச்சல்! டெவ்லின் திருதிருவென்று முழிப்பதை, பார்க்க முடியாவிட்டாலும், காதாலாவது கேட்க வேண்டும் எனக்கு.

தட்டினார். மேலே டிவியில் ஏதோ வினாடி வினா ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி தட்டினார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். கதவில் தபால் போடுகிற துவாரத்தின் மூடி கிரீச்சென்று திறக்கிற சத்தம் கேட்டது.

நான் மாடிப்படியை எட்டிப் பார்த்தேன்.

"என்ன, கதவைத் திறக்க மாட்டேங்குறாரா?" என்று கீழிருந்து கத்தினேன்.

கொஞ்ச நேரம் கழித்து லைசென்ஸ்காரர், ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தார். என் வாசலுக்கு எதிரே, ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். போனை எடுத்துப் போலீசுக்கு விலாசம் சொன்னார். இரண்டாம் மாடி, முதல் கதவு என்று நிறுத்தி நிதானமாக, இரண்டு தடவை சொன்னார்.

"ஏம்மா, அவரைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

யோசித்தேன். டிவி சத்தம்தான் ஞாபகத்துக்கு வந்தது, முகம் வரவில்லை.

"கதவுகிட்டயேதான் கிடக்காரு. அவரைச் சுத்தித் தபாலாக் குவிஞ்சு கிடக்கு." தலையைக் குனிந்தபடி சொன்னார். "லைசென்ஸ் முடிஞ்ச வீடுன்னா அடுத்த மாசமே வந்து தட்டிடுவோம். இந்த வீட்டுக்குத்தான் வாரா வாரம் பணம் வந்துக்கிட்டே இருந்துச்சே."