தூளிக்கு மேலே ஒரு வாயு

படுக்கையறை ஏசிக்குள் புதிதாக அடைத்த வாயு, அடுப்படி சிலிண்டருக்குத் தம்பி முறை. நெருப்பைக் கண்டால் பாய்கிற குடும்பம். பழைய வாயு கசிந்தால் பூமியே சூடாகிறது என்றுதான் இதைக் கூப்பிட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை குழந்தையைக் குளிப்பாட்டி, தணலோடு சாம்பிராணித் தட்டை ஏசிக்குக் கீழேயே கொண்டுவந்து வைத்தாள் தாய். வாயு வெலவெலத்துப் போனது.

"அக்கா, என்னை விட்டுடாதீங்க," என்றது தன்னை அடைத்து வைத்திருந்த செம்புக் குழாயிடம்.

"இறுக்கித்தான் பிடிச்சிருக்கேன். நீ வேலையைப் பாரு."

வாயு குழாய்க்குள் சுற்றிச் சுற்றி ஓடியது. அறை குளிர்ந்தது. தூளியில் குழந்தை தூங்கிப்போனது.

"வெளிய வாடா, நாம யாருன்னு காட்டலாம்," என்று அடுப்படியிலிருந்து சீண்டியது சிலிண்டர்.

"நம்ம குடும்பத்தை இதுக்கு முன்னாடி யாருண்ணே படுக்கையறை வரைக்கும் விட்டிருக்காங்க?" என்றது வாயு. "இவங்க என்னை நம்பி, கீழ பிள்ளையைத் தூங்கப் போட்டிருக்காங்க."