வாசலில் ஒரு சட்டை

நெல் கிடங்கில் பெருச்சாளி வைத்ததுதான் சட்டம். எதிர்த்துப் பேசும் எலிகளைத் தீர்த்துக்கட்ட அது ஒரு சாரைப்பாம்பைக் கூலிக்கு வைத்திருந்தது. சாரை சொன்ன வளைக்குப் போகும், வேலையை முடிக்கும், ஏன் எதற்கு என்று கேட்காது.

அன்றைக்கு ஒரு சுண்டெலியின் முறை. சட்டை உரிக்கிற நாளானதால் பாதி கழன்ற தோல் சாரையின் கண்ணை மறைத்திருந்தது. வாசனை பிடித்தே வளைக்குள் நுழைந்தது.

"கிட்ட வா, அந்தத் தோலை எடுத்து விடறேன்" என்றது சுண்டெலி.

"நான் எதுக்கு வந்திருக்கேன்னு தெரியுமில்ல?"

"தெரியும். கண்ணு தெரியாம கவ்வினா குட்டிங்க மேல பட்டுடும். என்னைப் பார்த்துக் கவ்வு."

சுண்டெலி தோலைப் பல்லால் மெதுவாகக் கத்தரித்தது. சாரைக்குப் பார்வை தெளிந்தது. எதிரே நடுங்கும் மீசை. அதன் பின்னால் கண் திறக்காத நாலு குட்டிகள்.

சாரை யாரையும் கவ்வாமல் வெளியே வந்தது. வாசற்கல்லில் உடம்பைத் தேய்த்து, முழுச் சட்டையையும் அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வயல் பக்கம் போய்விட்டது.

மறுநாள் பெருச்சாளி வந்து பார்த்தது. தான் வைத்த ஆள்தான், ஆனாலும் அந்தச் சட்டையைத் தாண்டி உள்ளே தலையை நீட்ட அதற்குத் துணிச்சல் வரவில்லை.

"நம்ம ஆள் உள்ளதான் இருக்கான்" என்று திரும்பிப் போனது. குட்டிகள் கண் திறக்கும்வரை தினமும் வந்து, அதையே சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது.