இருபது வயசுத் தாடை

பஸ் டிரைவர் நீட்டிய பழைய புகைப்படத்தை டாக்டர் உற்றுப் பார்த்தார்.

"இந்தத் தாடை வேணும் டாக்டர். நடந்து பாத்தேன், பட்டினி கிடந்து பாத்தேன். தொப்பை போச்சு. கழுத்துச் சதை மட்டும் வாடகை குடுக்காம குடியிருக்கு."

"லைபோசக்ஷன்ல அந்தக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துடலாம். ஆனா தோல் கொஞ்சம் தொங்கும், வயசும் குறையாது. அம்பத்தஞ்சுல எதுக்குங்க இது? பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"ஒருத்தங்க என்னைப் பாக்கணும், அவ்வளவுதான்."

வீட்டை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, வீக்கம் வடியும்வரை இரண்டு மாதம் நண்பர் வீட்டில் இருந்தார். பிறகு தலைக்குச் சாயம் பூசி, படத்தில் இருந்த மாதிரியே வகிடெடுத்துக்கொண்டு திரும்பினார்.

கட்டிலில் இருந்த அம்மா கண்ணைச் சுருக்கினாள். மறதி வந்த மூன்று வருடமாக மகனை யாரோ என்று நினைத்து "வாங்க, போங்க" என்றே பேசியவள், "வந்துட்டியாடா" என்று கன்னத்தைத் தடவினாள்.

"இத்தனை வருஷம் எங்கடா சுத்தின? என்னைக் குளிப்பாட்டி, சோறூட்டினதெல்லாம் ஒரு வேத்தாளு. பாவம், கழுத்தே கிடையாது அவருக்கு. ரெண்டு மாசமாக் காணோம். போய்க் கூட்டிட்டு வாடா. அவர் ஊட்டினாத்தான் எனக்குச் சாப்பாடு இறங்குது."